"நான் செய்த கேமையும் இப்படித்தான் ஏற்றிக் கொடுப்பீங்களா?"

கேள்வி:

வணக்கம் அண்ணா. எனக்கு 26 வயது. பரந்தனில் சின்னதாக ஒரு கொம்பியூட்டர் கடை வைத்திருக்கிறேன். திருத்த வேலை, போட்டோக் கொப்பி, றீலோட் எல்லாம் உண்டு. கடையில் ஒரு பெரிய ஹார்ட் டிஸ்க் நிறையக் கேம் இருக்கிறது. எல்லாம் கிராக் பண்ணினவை, அதாவது பூட்டை உடைத்தவை. பள்ளிக்கூடப் பெடியள் வந்தால் ஏற்றிக் கொடுத்து, ஒரு கேமுக்கு 150 ரூபா வாங்குவேன். போன வருடம் முதல்முறையாக ஒரு கேமைச் சொந்தக் காசு கொடுத்து வாங்கினேன். இணைய இணைப்பு இல்லாவிட்டால் அது திறக்காது. இங்கே ஒரு மழை அடித்தாலே சிக்னல் போய்விடும். அதே கேமின் கிராக் கொப்பி ஒரு கரைச்சலும் தராமல் ஓடுகிறது. காசு கொடுத்தவனுக்குத் தண்டனை, கொடுக்காதவனுக்குச் சுகம் என்றால் இதில் கள்ளன் யார்? இப்படித்தான் இவ்வளவு நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். போன கிழமை, உயர்தரம் படிக்கிற பெடியன் ஒருவன் கடைக்கு வந்தான். தானே ஒரு கேம் செய்துகொண்டிருக்கிறவன். "அண்ணா, நான் முடிச்சாப்பிறகு என்ர கேமையும் இப்படித்தான் 150 ரூபாவுக்கு ஏத்திக் குடுப்பீங்களா?" என்று கேட்டான். எனக்குப் பதில் வரவில்லை. நான் செய்வது பிழையா?

பதில்:

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தில் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் பதில் வராமல் நிற்கிறது. காசு கொடுத்து வாங்கிய கேம் உங்களுக்குத் திறக்கவில்லை என்பது ஒன்று. மற்றவன் செய்த கேமை 150 ரூபாவுக்கு விற்பது இன்னொன்று. முதலாவதில் உங்கள் கோபம் சரி. இரண்டாவதில் நீங்கள் செய்வது பிழை. முதலாவதைக் காட்டி இரண்டாவதை நியாயப்படுத்த முடியாது.

இதை மேலே நின்று புத்தி சொல்கிறவனாக எழுதவில்லை. நான் கொம்பியூட்டர் படித்ததே கள்ளக் கொப்பியில்தான். 2002இல் ஏ9 பாதை திறந்தபிறகு கிளிநொச்சியில் ஒரு கணினி வகுப்புக்குப் போனேன். புதுக்குடியிருப்பிலிருந்து பஸ். ஜெனரேற்றர் ஓடும் நேரத்தில்தான் வகுப்பு. மூன்று பேருக்கு ஒரு கணினி. அதில் இருந்த விண்டோஸ் 98 எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. மாஸ்டரின் பையில் இருந்த ஒரு வெள்ளை சீடியில் பேனையால் எழுதியிருந்தது. அதைக் காசு கொடுத்து வாங்க வேண்டும் என்று நாங்கள் விரும்பியிருந்தாலும் வாங்குவதற்கு வன்னியில் ஒரு கடை இல்லை, ஒரு வங்கி அட்டை இல்லை, இணையமும் இல்லை. அந்தக் கொப்பிக்காக நான் வெட்கப்படவில்லை. அது இல்லாவிட்டால் இன்று இந்தத் தொழிலில் நான் இல்லை.

ஆனால் அந்தக் காலம் முடிந்துவிட்டது. இன்று உங்கள் கடையில் கரண்ட் இருக்கிறது, இணைப்பு விட்டுவிட்டாவது வருகிறது, டெபிட் கார்ட் இருக்கிறது. வாங்க வழியே இல்லாமல் கொப்பி எடுப்பதும், வழி இருக்கும்போது கொப்பியை விற்றுச் சம்பாதிப்பதும் ஒன்றல்ல. பெடியன் கேட்டபோது உங்களுக்கும் இது உள்ளுக்குள் விளங்கியிருக்கிறது என்று நினைக்கிறேன்.

களவு என்ற சொல்லைக் கொஞ்சம் ஒதுக்கி வைப்போம், அது சரியாகப் பொருந்தாது. ஒருவருடைய களஞ்சியத்திலிருந்து ஒரு மூட்டை நெல்லை எடுத்தால் அவரிடம் ஒரு மூட்டை குறையும். கேமைக் கொப்பி எடுத்தால் செய்தவரிடம் எதுவும் குறையாது. "அப்படியானால் என்ன பிழை?" என்று கேட்பவர்கள் இந்த இடத்தில்தான் நிற்பார்கள். நான் அதை வேறு மாதிரிப் பார்க்கிறேன். வயலில் அருவி வெட்ட ஆள் பிடிக்கிறோம். வெட்டி, கட்டி, சூடு வைத்துத் தந்தபிறகு கூலி கொடுக்காமல் அனுப்புகிறோம். அவரிடமிருந்து நாம் ஒன்றும் எடுக்கவில்லை, அவர் வந்தபடியேதான் போகிறார். ஆனாலும் அது அநியாயம் என்று விளங்க ஊரில் யாருக்கும் சட்டப் புத்தகம் தேவையில்லை. உங்கள் விஷயத்தில் ஒரு படி கூட: வெட்டியவர் வேறு, கூலி வாங்கிப் பையில் போடுகிறவர் நீங்கள். தன் கூட்டாளிக்கு ஒரு கேமைக் கொடுக்கும் பள்ளிக்கூடப் பெடியனையும், 150 ரூபா வாங்கும் கடையையும் நான் ஒரே தராசில் வைக்க மாட்டேன்.

கூலி கிடைக்காதவனுக்கு எப்படி இருக்கும் என்பதும் எனக்குத் தெரியும். பல வருடங்களுக்கு முன், வவுனியாப் பக்கம் ஒரு நெல் ஆலைக்குக் கணக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்தேன். நான்கு மாத வேலை, இரவிரவாக. அரை வருடம் போய் வேறொரு ஆலைக்கு வேலையாகப் போனால், மேசையில் என்னுடைய அதே திரை. மேலே இருந்த என் பெயரை மட்டும் அழித்திருந்தார்கள். ஒரு கடைக்காரர் கொப்பி எடுத்துப் பல ஆலைகளுக்கு விற்றிருந்தார். காசு போனதைவிட, பெயரை அழித்தது எனக்கு அதிக நாள் வலித்தது.

அந்தக் கோபத்தில் நான் செய்தது என்ன தெரியுமா? அடுத்த பதிப்பில் ஒரு பூட்டுப் போட்டேன். மென்பொருள் முதலில் ஏறிய ஹார்ட் டிஸ்கின் இலக்கத்தைப் பார்த்து, அது மாறினால் திறக்காது. கொப்பி விற்ற கடைக்காரர் இரண்டு கிழமையில் அதை உடைத்துவிட்டார். ஆனால் எனக்குக் காசு கொடுத்த அந்த முதல் ஆலைக்காரரின் ஹார்ட் டிஸ்க், அறுவடைக் காலம் ஒன்றில் பழுதாகிப் போனது. புதிய டிஸ்க் போட்டார், பூட்டு திறக்கவில்லை. நான் அப்போது கொழும்பில். வாசலில் நெல் லொறிகள் நிற்க, அந்த மனிதர் மூன்று நாள் கணக்குப் புத்தகத்தில் கையால் கணக்கு எழுதினார். என்னை ஏமாற்றியவரை அந்தப் பூட்டு தொடவே இல்லை, என்னை நம்பியவரைத்தான் பிடித்தது. அவரிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். அதன்பிறகு என் மென்பொருள் எதிலும் பூட்டுப் போட்டதில்லை.

ஆகவே உங்கள் கேம் திறக்காத கதையைப் படித்தபோது எனக்கு அந்த லொறிகள்தான் நினைவுக்கு வந்தன. பெரிய நிறுவனங்களும் இதே பிழையைத்தான் திரும்பத் திரும்பச் செய்கின்றன. 2008இல் இஏ நிறுவனம் வெளியிட்ட ஸ்போர் என்ற கேமை மூன்று கணினிகளில் மட்டுமே பதியலாம் என்று பூட்டுப் போட்டார்கள். வெளிவரும் நாளுக்கு முன்பே அதன் உடைத்த கொப்பி இணையத்தில் வந்துவிட்டது. கோபப்பட்ட மக்கள் அமேசானில் ஒற்றை நட்சத்திரமாகக் குவித்தார்கள். பிறகு மூன்றை ஐந்தாக்கினார்கள். 2010இல் யுபிசொஃப்ட் அசாசின்ஸ் கிரீட் 2 கேமைக் கணினிக்குக் கொண்டுவந்தபோது, விளையாடும் நேரம் முழுக்க இணைப்பு இருக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தியது. அந்த மார்ச் மாதமே, அந்த இணைப்புக்குப் பதில் சொல்லும் அவர்களுடைய சேவையகக் கணினி தாக்கப்பட்டுப் படுத்துவிட்டது; காசு கொடுத்தவர்களில் பலர் கேமைத் திறக்க முடியாமல் இருந்தார்கள். 2013இல் சிம்சிட்டிக்கும் இதே கதி. இணைப்பில்லாமல் அந்தக் கேம் இயங்காது என்று சொன்ன நிறுவனமே, அடுத்த வருடம் இணைப்பில்லாமல் விளையாடும் வசதியைக் கொடுத்தது. ரெசிடென்ட் ஈவில் வில்லேஜ் 2021இல் வந்தபோது, பூட்டுள்ள அசல் கொப்பி இடையிடையே திக்கியது, பூட்டை உடைத்த கொப்பி சீராக ஓடியது. கேப்கொம் பிறகு திருத்தம் வெளியிட வேண்டியதாயிற்று.

இதற்கெல்லாம் மேலே த கிரூ என்ற கார் ஓட்டக் கேமின் கதை. 2014இல் வந்தது. 2024 மார்ச் 31இல் யுபிசொஃப்ட் அதன் சேவையகத்தை நிறுத்தியது. தனியாக விளையாடுகிறவருக்கும் அது தேவை என்பதால், வாங்கிய எல்லோரிடமும் கேம் ஒரே நாளில் செத்துப்போனது. அதிலிருந்துதான் "கேம்களைக் கொல்லாதீர்கள்" என்ற இயக்கம் தொடங்கி, ஐரோப்பாவில் 10 லட்சத்துக்கு மேல் கையெழுத்துச் சேர்ந்தது. வாங்குகிறோம் என்று நாம் நினைப்பது உண்மையில் அனுமதி மட்டும்தான். கலிபோர்னியாவில், இதை வாங்குகிறவரிடம் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று 2025 முதல் சட்டமே இருக்கிறது.

எங்கள் ஊர்க்காரருக்கு இது வேறொரு இடத்திலும் குத்தும். 2009க்குப் பிறகு வன்னியில் எத்தனை வீட்டில் ஒரு கலியாணப் படம்கூட மிஞ்சவில்லை என்று உங்களுக்குத் தெரியும். எங்கள் வீட்டில் அம்மா அப்பாவின் கலியாணப் படம் ஒன்று இருக்கிறது என்றால், அதன் ஒரு பிரதி கனடாவில் சித்தி வீட்டில் இருந்ததால்தான். இன்னொரு பிரதி இருந்ததுதான் பிழைத்தது. அதனால் பிரதி எடுக்கவே முடியாதபடி ஒன்றைப் பூட்டி, தான் நினைத்த நாளில் அணைத்துவிடுகிற ஒருவரை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. நீங்கள் வாங்கிய கேமைத் திறக்க நீங்கள் என்ன வழி பார்த்தாலும் அதை என் மனச்சாட்சி களவு என்று சொல்லாது. விற்றவரின் நிபந்தனை அதைத் தடுக்கும், உங்கள் கணக்கை அவர் மூடவும் கூடும். அதைத் தெரிந்துகொண்டு செய்யுங்கள். முதலில் நேர்வழியைப் பாருங்கள். ஸ்டீம் என்ற இணையக் கேம் கடையில் வாங்கியிருந்தால், இணைப்பு நன்றாக இருக்கும் நேரத்தில் ஒருமுறை கேமைத் திறந்து ஓடவிட்டு, பிறகு ஓஃப்லைன் முறைக்கு மாற்றிப் பாருங்கள். பல கேம்கள் அதற்கே சரிவரும். இனி வாங்கும்போது, வாங்கிய நாளிலிருந்து 14 நாளுக்குள், 2 மணித்தியாலத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் ஸ்டீம் காசைத் திருப்பித் தரும் என்பதை நினைவில் வையுங்கள். எங்கள் சிக்னலுக்கு அந்தக் கேம் சரிவருமா என்று அந்த 2 மணித்தியாலத்தில் தெரிந்துவிடும். வேறு நிறுவனத்தின் பூட்டு இருந்தால் கேமின் பக்கத்திலேயே எழுதியிருப்பார்கள். வாங்கமுதல் அதைப் படியுங்கள்.

சரி, இப்போது உங்கள் ஹார்ட் டிஸ்குக்கு வருவோம். "பெரிய கம்பனிக்கு இந்த 150 ரூபாவால் என்ன நட்டம்?" என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் எல்லோரும் கேட்பது அது. நேர்மையாகச் சொன்னால், 60 டொலர் கேமை உங்களிடம் ஏற்றிய பெடியன் அதை ஒருநாளும் 60 டொலர் கொடுத்து வாங்கியிருக்க மாட்டான். ஒவ்வொரு கள்ளக் கொப்பியும் ஒரு விற்பனை நட்டம் என்று நிறுவனங்கள் போடும் கணக்கை நான் நம்புவதில்லை. ஆனால் உங்கள் டிஸ்கில் இருப்பது பெரிய கம்பனிகளின் கேம் மட்டுமா?

2013இல் கேம் டெவ் டைகூன் என்று ஒரு சின்னக் கேம் வந்தது. கிரீன்ஹார்ட் கேம்ஸ் என்ற நிறுவனம்; நடத்தியவர்கள் இரண்டு சகோதரர்கள். விலை 8 டொலர்கூட இல்லை, பூட்டும் இல்லை. கேம் செய்யும் கம்பனி ஒன்றை நீங்கள் நடத்த வேண்டும், அதுதான் விளையாட்டு. வெளியிட்ட நாளிலேயே அவர்களே ஒரு "உடைத்த கொப்பி"யை இணையத்தில் விட்டார்கள். அதில் ஒரே ஒரு மாற்றம். கொஞ்ச நேரம் விளையாடியபிறகு, உங்கள் கேமை எல்லோரும் கள்ளமாக எடுக்கிறார்கள் என்று செய்தி வரும், வருமானம் சரியும், எவ்வளவு நல்ல கேம் செய்தாலும் கம்பனி முறியும். முதல் நாள் முடிவில் காசு கொடுத்த கொப்பியில் விளையாடியவர்கள் 214 பேர். உடைத்த கொப்பியில் 3,104 பேர். அந்த 3,104 பேரில் சிலர், தங்கள் கம்பனி கள்ளக் கொப்பியால் முறிகிறதே, இதை எப்படித் தடுப்பது என்று இணையத்தில் போய்க் கேட்டார்கள். அதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் நெல் ஆலைக் கணக்குத்தான் நினைவுக்கு வந்தது. அந்த நாலாயிரத்துக்கும் குறைந்த ஆட்களில் இன்னும் ஒரு ஐந்நூறு பேர் காசு கொடுத்திருந்தால் அந்த இரண்டு பேருக்கும் அது பெரிய காசு. உங்கள் உயர்தரப் பெடியன் நிற்கப்போவதும் அந்த இடத்தில்தான்.

இன்னொரு விஷயம், இதை நீங்கள் இன்றைக்கே யோசிக்க வேண்டும். கிராக் ஏற்றும்போது வைரஸ் கார்டை நிறுத்திவிட்டுத்தானே ஏற்றுகிறீர்கள்? 2021இல் அவாஸ்ட் நிறுவனம் கிராக்கொனோஷ் என்ற வைரஸைக் கண்டுபிடித்தது. ஜிடிஏ 5, ஃபார் கிரை 5, சிம்ஸ் 4 போன்றவற்றின் உடைத்த கொப்பிகளுக்குள் இருந்தது. வைரஸ் கார்டை அணைத்துவிட்டு, கணினியை வைத்து ரகசியமாக மொனெரோ என்ற டிஜிட்டல் நாணயத்தைத் தோண்டும். 2 லட்சத்து 22 ஆயிரம் கணினிகள் மாட்டின. செய்தவன் 20 லட்சம் டொலருக்கு மேல் சம்பாதித்தான். இங்கே ஒரு வீட்டில் ஒரு லப்டொப்தான் இருக்கும். மகன் கேம் விளையாடும் அதே லப்டொப்பில்தான் அக்கா பல்கலைக்கழகப் பாடம் படிப்பாள், தாய் வங்கிக் கணக்குப் பார்ப்பார். உங்களை நம்பித்தான் கொண்டுவந்து தருகிறார்கள்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, உரிமை பெறாத கொப்பியைத் தெரிந்துகொண்டு விற்பதும், விற்க வைத்திருப்பதும் குற்றம். 5 லட்சம் ரூபா வரை தண்டம் அல்லது 6 மாதச் சிறை, அல்லது இரண்டும். இரண்டாம் முறை பிடிபட்டால் இரட்டிப்பு. கள்ள மென்பொருளைத் தெரிந்தே தொழிலுக்குப் பாவிப்பதும் இதே தண்டனைக்குள் வரும். அதனால் கேமைவிட, கடையில் பில் போடும் கணினியில் இருக்கும் விண்டோசையும், படம் திருத்தும் மென்பொருளையும் முதலில் பாருங்கள். நீங்கள் சட்டப்படி வாங்கிய மென்பொருளைப் பழுதாகிப் போனால் மாற்றப் பாவிக்க ஒரு பிரதி எடுத்து வைக்க இதே சட்டம் இடம் தருகிறது. இது பலருக்குத் தெரியாது.

பெடியள் வருவது நின்றால் கடை எப்படி ஓடும் என்று யோசிப்பீர்கள். நியாயமான யோசனை. நீங்கள் உண்மையில் விற்பது கேமை அல்ல, டேட்டாவையும் நேரத்தையும். 60 ஜிபி கேம் ஒன்றைப் போன் டேட்டாவில் இறக்க ஒரு பெடியனால் முடியாது, அதனால்தான் உங்களிடம் வருகிறான். அதையே நேராகச் செய்யுங்கள். ஸ்டீமில் தன் கணக்கில் கேம் வைத்திருக்கிற ஒருவனுக்கு, கடையில் இறக்கி வைத்த அதே கேமின் கோப்புகளைக் கொப்பி பண்ணிக் கொடுக்கலாம். அவன் கணக்கில் அனுமதி இருந்தால்தான் ஓடும். அதற்கு 150 ரூபா என்ன, 300 ரூபாவும் வாங்குங்கள், அது உங்கள் உழைப்பு. எபிக் என்ற இணையக் கேம் கடை 2018இலிருந்து இலவசக் கேம்களும் கொடுத்துவருகிறது. கணக்குத் திறந்து எடுத்துவைக்கப் பெடியளுக்குச் சொல்லிக் கொடுங்கள்.

பழைய கணினிக்காரருக்கு சூப்பர்டக்ஸ்கார்ட், பேட்டில் ஃபோர் வெஸ்நோத் ஆகியவற்றை ஏற்றிக் கொடுங்கள். கொஞ்சம் பலமான கணினி என்றால் 0 ஏ.டி. இவை திறந்த மூலக் கேம்கள். கொப்பி எடுக்கலாம், கொடுக்கலாம், கொடுக்கும் வேலைக்குக் காசும் வாங்கலாம் என்று செய்தவர்களே அனுமதி எழுதி வைத்திருக்கிறார்கள். பெடியள் முதலில் முகம் சுளிப்பார்கள். இரண்டு லப்டொப்பை ஒன்றாக இணைத்து கார் ஓட்டவிட்டுப் பாருங்கள்.

காசு கொடுத்து வாங்க விரும்புகிறவருக்கு ஜிஓஜி என்ற இணையக் கடையைக் காட்டுங்கள். அங்கே வாங்கும் கேமை ஒருமுறை இறக்கி வைத்தால் போதும், இணைப்பைக் கேட்காது, பூட்டே இல்லை. அதை நடத்தியவர்கள் போலந்தின் சிடி ப்ரொஜெக்ட். 1994இல் அவர்கள் தொடங்கியபோது அங்கே சந்தையில் கள்ளக் கொப்பிதான் குவிந்து கிடந்தது. அவர்கள் பூட்டை நம்பவில்லை. 1999இல் பால்டர்ஸ் கேட் கேமைப் போலிஷ் மொழியில், தெரிந்த நடிகர்களின் குரலில், வரைபடமும் பெட்டியுமாகக் கொண்டுவந்தார்கள். கள்ளக் கொப்பியில் கிடைக்காததைச் சேர்த்துக் கொடுத்தார்கள். மக்கள் காசு கொடுத்தார்கள். எங்கள் மொழியில், எங்கள் குளத்தையும் காட்டையும் காட்டி ஒரு கேம் வந்தால் இங்கேயும் கொடுப்பார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அதனால்தான் அந்தப் பெடியன் எனக்கு முக்கியம். இந்தக் கிழமையே அவனைக் கூப்பிட்டுப் பதில் சொல்லுங்கள். அவனுடைய கேமையும் 150 ரூபாவுக்குத்தான் ஏற்றிக் கொடுப்பீர்கள், ஆனால் அதில் 120 ரூபா அவனுக்கு. ஒரு கணக்குப் புத்தகத்தில் திகதி போட்டு எழுதி, மாத முடிவில் எண்ணிக் கொடுங்கள். அவன் எதில் செய்கிறான் என்று நீங்கள் எழுதவில்லை. உடைத்த மென்பொருளில் என்றால், கொடோ என்ற கேம் செய்யும் மென்பொருளுக்கு மாறச் சொல்லுங்கள். முற்றிலும் இலவசம், விற்ற காசில் பங்கும் கேட்காது. பூட்டுப் போடட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். கேம் திறந்ததும் முதல் திரையில் அவன் பெயரும், ஊர் பெயரும், "கூட்டாளியிடம் எடுத்திருந்தால் பரந்தனில் இந்தக் கடையில் 150 ரூபா கொடுக்கலாம்" என்று ஒரு வரியும் போதும். அந்தப் பெயரை ஒருவரும் அழிக்காமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.

தைப்பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது பரந்தனில் இறங்குவேன். கேம் முடிந்திருந்தால் எனக்கு ஒன்று ஏற்றி வையுங்கள், காசை அவன் கையிலேயே தருகிறேன்.